துணி சுற்றிய மணி

மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஞானமுத்து அண்ணாச்சியைப் பற்றி எழுத, அவர் வருஷக்கணக்காகத் தபால் கொண்டுபோன ஊர்களில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். இவள் ஒரு தடவை எழுதியதே போதாதா என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் நினைப்பது நியாயம்தான்.

செய்தி எனக்கு வந்ததே முறையில்லாத வழியில். போன மாதம் தென்காசித் தபால் ஆபீசில் காலையில் வந்த தபால் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அச்சன்புதூருக்குப் போகவேண்டிய ஒரு கார்டில் அவர் பெயர் கண்ணில் பட்டது. கையை எடுத்திருக்க வேண்டும். படித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்துவிட்டார் என்றும், அன்று சாயங்காலமே அடக்கம் முடிந்துவிட்டது என்றும் இருந்தது. எனக்கு யாரும் எழுதவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் நான் ஒருவருடைய கார்டைப் படித்துச் சிரித்தபோது அண்ணாச்சி சொன்னது அப்போது காதில் விழுந்தது: "கார்டு தொறந்துதான் கெடக்கும் தாயி. தொறந்து கெடக்குங்கதுக்காவ நாம படிக்கணுமா?"

பி.ஏ. முடித்து, எங்கள் ஊர்ச் சின்னத் தபால் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அம்மா வயல் வேலைக்குப் போகிறவள். தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச எனக்கு வராது. ஆனால் கவுண்டர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் வேறொரு தைரியம் வந்துவிடும். அண்ணாச்சிக்கு ஐம்பதை ஒட்டிய வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அவர் நின்றுகொண்டே தபாலை அடுக்குவார். நான் நாற்காலியில் இருந்தபடி அவருடைய உச்சரிப்பைத் திருத்துவேன். அவர் திருத்திக்கொள்வார். அதை அன்று நான் என் வெற்றியாக எண்ணினேன்.

குளங்கள் பார்க்கும் பழக்கம் அவரால்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்ததும் அவரும் அவர் மனைவி ரோசம்மாள் மதினியும் புறப்படுவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். மதினி தூக்குச்சட்டியில் புளிச்சோறு எடுத்துவருவாள். இலஞ்சிப் பக்கம் ஒரு வாரம், குத்துக்கல்வலசை தாண்டி ஒரு வாரம். தாமரை இலைமேல் குஞ்சுகளோடு நடக்கும் இலைக்கோழி, தலையில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி, மடைவாயில் மீனுக்குக் காத்திருக்கும் கொக்கு எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்தேன். அவர் பாடம் எதுவும் நடத்தியதில்லை. "அந்தா நிக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார். நான் நோட்டில் எழுதுவேன். "சம்பளமில்லாம எழுதுதா பாரு" என்று மதினி கேலி செய்வாள்.

அவருடைய சைக்கிள் மணியில் எப்போதும் ஒரு பழந்துணி சுற்றியிருக்கும். வீட்டு வாசல்களில் மணி அடிக்காமல் குரல் கொடுத்துத்தான் தபாலைக் கொடுப்பார். மணி கெட்டுவிட்டது, மாற்ற மனம் வரவில்லை என்று நினைத்தேன். புது மணி ஒன்று வாங்கிப் போடக்கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். "நல்ல மணிதான் தாயி, அதனாலதான்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்வதில் அர்த்தம் இருக்கும் என்று அந்த நாளில் எனக்குத் தோன்றியதில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர் வழியாகவும் வருவார்கள். நாரைகள் மரம் மரமாகக் கூடு கட்டும் குளம் ஒன்று இந்தப் பக்கம் இருக்கிறதாமே என்று சிலர் கேட்பார்கள். அண்ணாச்சி கிழக்கே வெகுதூரத்தில் உள்ள ஓர் ஊரைச் சொல்லி, பஸ் ஏற வேண்டிய இடத்தையும் காட்டுவார். அந்த ஊரில் கோரைப்புல் மண்டிய ஒரு குட்டைதான் உண்டு. நாரை கிடையாது. ஒரு விலாசம்கூடத் தவறாமல் கொண்டுசேர்க்கும் மனிதர் இதை மட்டும் ஏன் தப்பாகச் சொல்கிறார் என்று யோசித்தேன். அவருக்குத் தெரியாது என்று முடிவு செய்தேன்.

உண்மையான இடத்தை நான் கண்டுபிடித்தது அம்மாவின் ஒரு பேச்சிலிருந்து. வைகாசியில் எல்லோரும் வயலுக்கு எரு அடித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு குளத்தின் பெயரைச் சொல்லி, அதன் பாசன வயல்களுக்கு மட்டும் எருவே வேண்டாம், தண்ணீரே எரு என்றாள். பறவைகளின் எச்சம் விழும் தண்ணீர் என்று எனக்குப் பொறி தட்டியது. மறுநாள் அவளோடு போனேன். குளத்துக்குள் நின்ற கருவேல மரங்களில் இலை தெரியவில்லை. அத்தனை நாரை, அத்தனை அரிவாள் மூக்கன், அத்தனை கூடு. கரையில் போனவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டு போனார்கள். அந்த ஊரில் கல்யாண மேளம்கூடக் குளத்தங்கரை வழியாக வராது, தீபாவளிக்கு வேட்டுப் போடுவதில்லை என்று அம்மா சொன்னாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஞானமுத்து அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அச்சில் பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன்.

ஒரு வாரப் பத்திரிகை குற்றாலம் சீசன் மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தது. 'அருவியோடு திரும்பிவிடாதீர்கள்' என்று ஆரம்பித்து, சுற்றுவட்டாரக் குளங்களைப் பற்றி எழுதி அனுப்பினேன். அந்தக் குளத்தின் பெயர், பஸ் நிற்கும் இடம், நடக்க வேண்டிய தூரம் எல்லாம் எழுதினேன். 'இவ்வூர்த் தபால்காரர் போன்ற படிப்பறிவு குறைந்தவர்கள் வேறு ஊரைச் சொல்வார்கள். நம்ப வேண்டாம்' என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த வரியாக அது இருந்தது.

மலரை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவரே அவர்தான். சந்தாதாரர்கள் வீடுகளுக்கும் அதை அவர்தான் சுமந்துபோய்க் கொடுத்தார். சுற்று முடிந்து வந்ததும் என் மேஜைமேல் கிடந்த பிரதியை எடுத்து, வாசலில் நின்று, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். வெகுநேரம் ஆயிற்று. மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "நல்லா எழுதியிருக்க தாயி. ஒரு எழுத்துப் பிழை கெடையாது" என்றார்.

ஆனி மாதம் ஒரு பிற்பகலில் ஜீப் ஒன்று ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்த நான்கு பேர். கையில் மலர். அண்ணாச்சி வாசலிலேயே அவர்களை மறித்துக்கொண்டார்.

"ஐயா, அது இங்கன இல்ல. கெழக்க போவணும். பஸ்ஸுக்காரன்ட்ட கேட்டா எறக்கி விடுவான்."

நான் கம்பிக்குப் பின்னாலிருந்து சொன்னேன்: "அண்ணாச்சிக்குத் தெரியாது. நான் சொல்றேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்த பிறகும் ஒரு தந்திப் பாரத்தின் பின்பக்கத்தில் வழி வரைந்து கொடுத்தேன். "இந்த அம்மாதான் எழுதினவங்களா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டபோது, ஆமாம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாகவும் இனிப்பாகவும் இருந்தது. ஜீப்பின் பின்சீட்டில் கித்தான் உறையில் நீளமாக ஏதோ கிடந்தது. கேமரா வைக்கும் கால் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

அண்ணாச்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே திசையில் போனார். ஜீப்புக்கு முன்னால் போய்ச் சேர முடியாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆபீசைப் பூட்டும் நேரத்தில் தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது. அம்மா வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, குஞ்சு பூரா தண்ணில விழுந்து கெடக்கு. இன்னும் றெக்க மொளைக்கல அதுகளுக்கு. பொம்பளைக ஒருத்தியும் எங்கிட்ட பேசல. இனி அந்த வயலுக்கு நான் எப்படிப் போவேன்?"

மிஞ்சிய பறவைகள் மூன்று நாளில் போய்விட்டன. அதற்குள் இன்னும் இரண்டு வண்டிகள் வந்திருந்தன. நான்காம் நாள் காலை, தெருமுனையில் ஒரு சைக்கிள் மணி கணீரென்று கேட்டது. யாரோ புது ஆள் என்று எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார். மணியில் துணி இல்லை. தினம் இரண்டு முறை அந்தக் குளத்தங்கரை வழியாகப் போய்வந்த சைக்கிள் அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ தப்பாச் சொல்லலயே தாயி" என்றார், தபாலை அடுக்கிக்கொண்டே. "சரியாத்தான சொன்ன."

திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் மன்னிப்பும் கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். அவர் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதினி கூப்பிட்டு அனுப்பினாள். நான்தான் தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். தென்காசிக்கு மாற்றலாகி வந்தபின் அவருக்கு ஒரு கவர் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டினேன். தபால் ஆபீசுக்குள்ளேயே நாள் முழுக்க இருக்கிறவள், அதைப் பெட்டியில் போடவில்லை. அவர் ஓய்வு பெற்றார். இப்போது அந்த விலாசத்தில் அவர் இல்லை.

கார்டைப் படித்த மறுநாள் லீவு போட்டுவிட்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ரோசம்மாள் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரவைத்தாள். கடைசி வாரம்வரை சைக்கிளில் எங்கேயோ போய்வந்துகொண்டுதான் இருந்தார் என்றாள். புறப்படும்போது முற்றத்துச் சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்தேன். மணியில் துணி சுற்றியிருந்தது. பழைய துணி அல்ல. மதினியின் சேலைக் கரை, இன்னும் சாயம் போகாதது. என் கை தானாக அதன்மேல் போயிற்று.

"அத அவுக்காத தாயி. இருக்கட்டும்" என்றாள் மதினி.

பறவைகள் திரும்பிவிட்டனவா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பொய். சீசன் சமயத்தில் கவுண்டரில் யாராவது நாரைக் குளத்துக்கு வழி கேட்டால், கிழக்கே உள்ள அந்த ஊரைச் சொல்கிறேன், பஸ் நிற்கும் இடத்தையும் காட்டுகிறேன். ஊரின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், அது இன்னும் தேவைப்படுகிறது என்பதுதான். அவர் அளவுக்கு இயல்பாக எனக்குச் சொல்ல வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

அவர் தபால் கொண்டுவந்த ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்கலாமா கூடாதா என்று இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். அந்த நாரைகள் திரும்பி வந்திருந்தால், எனக்கு ஒரு கார்டு போடுங்கள். 'வந்துவிட்டன' என்ற ஒரு சொல் போதும். எந்தக் குளம், எந்தக் கரை என்று எழுத வேண்டாம். உங்கள் பெயரும் வேண்டாம். இவளை நம்பி அந்த ஒரு சொல்லைக்கூட எழுத முடியாது என்று தோன்றினால் எழுதாதீர்கள். கார்டு வராவிட்டால், அண்ணாச்சி காத்ததை நீங்களும் காக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.