அரசாங்கம் தந்த அப்புக்காத்து

வவுனியா மேல்நீதிமன்றத்தில், சட்டத்தரணி வைத்து வாதாட வசதியில்லாதவர்களுக்கு நீதிபதியே எங்களில் ஒருவரை நியமிப்பார். சனம் எங்களை அரசாங்க அப்புக்காத்து என்று சொல்லும். கூலி அரசாங்கத்தினுடையது. வழக்கு விசாரணைத் தவணை ஒன்றுக்குக் கிடைப்பதில் பஸ் செலவும் மத்தியானச் சாப்பாடும் போனால் ஒரு பிளேன்ரீ குடிக்கத்தான் மிச்சம். அதுவும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அப்படித்தான் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த ஒரு மீனவரின் வழக்கு என் தலையில் விழுந்தது. வலைத் தகராறில் ஒருவரை வெட்டியதாகக் குற்றச்சாட்டு. பிடிபட்ட நாள் முதல் பிணையில்லாமல் விளக்கமறியல் சிறையில். தன் மீன்வாடிக் குடிசை வாசலில் நின்று எல்லாவற்றையும் கண்டதாகச் சொன்ன ஒரேயொரு சாட்சிதான் அவருக்கு எதிராக இருந்தது. நான் என் செலவில் கரைக்குப் போய் அந்த வாசலில் நின்று பார்த்தேன். நடுவில் இன்னொரு பழைய வாடி. வெட்டு நடந்த இடம் தெரியவே இல்லை. சாட்சி கூண்டில் ஏறட்டும், ஒரு கை பார்க்கிறேன் என்று சந்தோஷமாகத் திரும்பினேன்.

அவருடைய மனைவி தவணை தவறாமல் வருவார்.

"மிஸ், உங்களுக்கு நாங்கள் என்ன தரவேணும்?"

"ஒண்டும் வேண்டாம். அரசாங்கம் தரும்."

"எவ்வளவு தருவினம்?"

சொன்னேன். அந்தப் பெண் தொகையை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாட்சி வந்த அன்று நான் கோப்போடு எழும்பினேன். நான் வாய் திறக்குமுன், கொழும்பிலிருந்து வந்த பெரிய சட்டத்தரணி ஒருவர் எழும்பி, இந்த வழக்கில் மீனவருக்காக இனித் தானே ஆஜராவதாகச் சொன்னார். வழக்கைப் படிக்க அவகாசம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிடைத்தது. சாட்சி வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த தவணை மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

வெளியே அந்தப் பெண்ணை மறித்தேன்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"குறை நினைக்காதேங்கோ மிஸ். போட் எஞ்சினை வித்துப்போட்டன். நீங்கள் சொன்ன காசுக்கு ஆர் எங்களுக்காகக் கத்துவினம்? கை நிறைய வாங்கினாத்தானே வாய் திறப்பினம்."

எனக்கு இது துரோகமாகத்தான் பட்டது. முதலில் அந்தப் பெண் மேல் எரிச்சல் வந்தது. பிறகு, எனக்கு அந்த விலையைப் போட்டுவைத்த அரசாங்கத்தின் மேல். இரண்டு பேரையும் மன்னிக்க மனம் வரவில்லை.

சிறைச்சாலை பஸ் புறப்பட்டது. கம்பிக்குப் பின்னால் இருந்து புருஷன் கை காட்டினார். அந்தப் பெண்ணும் சிரித்தபடி கை காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்லா எழும்பிக் கதைச்சவர், என்ன? இங்கிலீசில என்ன சொன்னவர் மிஸ்? இவரை எப்ப விடுவினமாம்?"