துணைத் தலைவர் எழுந்துவிட்டார்

எங்கள் கட்டடத்துச் சங்கத்தில் துணைத் தலைவருக்கென்று ஒதுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு பக்கம் கை கிடையாது. தலைவரின் நாற்காலி முழுசு, செயலாளருடையதும் முழுசு. உடைந்ததைத் தூக்கிப் போட மனமில்லாமல் யார் தலையில் கட்டலாம் என்று பார்த்திருப்பார்கள் போலும். அந்த வருடம்தான் கமிட்டியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. பதவியும் நாற்காலியும் சேர்ந்தே என் ராத்தாவிடம் வந்தன. உடன்பிறந்த அக்காளை எங்கள் வீட்டில் ராத்தா என்போம். தாராவியில் அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவளும் மச்சானும் ஸ்கூல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார்கள். முன்னால் நான்கு மெஷின், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதற்குப் பின்னால் குடித்தனம். கல்யாணம் ஆகாத நானும் அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான் இருந்தேன்.

“சும்மா வந்து உக்காரும்மா, கையெழுத்துப் போட்டாப் போதும்” என்றார் தலைவர். ராத்தாவுக்குச் சுருக்கென்றது. எந்த இடத்திலும் சும்மா உட்காரத் தெரியாதவள் அவள். நான் அப்போது அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் பொது அறிவுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். நாட்டின் துணை ஜனாதிபதி என்னதான் செய்கிறார் என்று பார்த்துவிட்டால் கட்டடத்தின் துணைத் தலைவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும் அல்லவா? பைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே வாசிப்பாள். வாசித்ததை என்னிடமே கேள்வியாகக் கேட்பாள். நான் முழித்தால் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

அந்தப் பதவிக்குப் புத்தகத்தில் இரண்டே பக்கம்தான். ராத்தாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. துணை ஜனாதிபதி என்ற பதவிக்குத் தனியாகச் சம்பளம் இல்லை, மாநிலங்களவைக்குத் தலைமை தாங்குவதற்குத்தான் சம்பளம். அந்த அவையை நடத்துகிறவர் அவர், ஆனால் அதன் உறுப்பினர் இல்லை. எனவே ஓட்டும் இல்லை, இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் அவர் ஓட்டுப் போடலாம். ஜனாதிபதி பதவியில் இருக்கும்போதே இறந்துவிட்டால் அடுத்த தேர்தல் வரை நாட்டின் பாரம் இவர் தலையில். அப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது. முதல் மூன்று துணை ஜனாதிபதிகளும் பிறகு ஜனாதிபதிகளாகவே ஆனார்கள்.

“பாத்தியாட்டி? ஒண்ணுமில்லாத வேலன்னு சொல்லுதாங்க. எல்லாரும் பேசுததக் கேக்கணும், எவன் பக்கமும் சாயக் கூடாது, வேணும்னா ஒரே நாள்ல நாட்டத் தூக்கிச் சுமக்கணும். லேசுப்பட்ட வேலையா இது?” என்பாள். நான் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள். அதற்கப்புறம் தலைவர் இல்லாத கூட்டங்களில் கத்துகிறவர்களை உட்கார வைத்து, வாயே திறக்காதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச வைத்தாள். தண்ணீர் நேரம், படிக்கட்டு விளக்கு என்று பேசப்பட்டவை எல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனாலும் அந்த உடைந்த நாற்காலியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

எங்களுக்கு நேர் கீழே, முதல் மாடியில், பாத்திரக்கடை அண்ணாச்சியின் வீடு. அவர் மனைவி தலையில் ஆபரேஷன் ஆகி வீட்டோடு படுக்கையில் இருந்தார். நான்கு மெஷினும் ஓடினால் அவர்கள் வீட்டுக் கூரை அதிரும். அண்ணாச்சி மூன்று தடவை வந்து தன்மையாகச் சொன்னார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், ஆர்டர் குவிந்து கிடந்தது. மச்சான் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் அண்ணாச்சி, வீடுகளில் மெஷின் ஓட்டக் கூடாது என்று தீர்மானம் கேட்டுச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தலைவர் தன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். ஆகவே கூட்டம் ராத்தாவின் தலைமையில்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்த்தளத்து நடையில் கூடினோம். “மெஷின பந்த் பண்ணுன்னா நாங்க எங்கவே போவோம்?” என்று மச்சான் எகிறினார். ஆனால் முகத்தில் பயமில்லை. யார் யார் எந்தப் பக்கம் என்று முன்பே தலை எண்ணி வைத்திருந்தார். சரிசமம். சரிசமமானால் தலைமையின் ஓட்டு, தலைமையில் அவர் மனைவி. எனக்கும் அதே தைரியம்தான்.

செயலாளர் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் ராத்தா எழுந்தாள். “இது எங்க வீட்டு விசயம். துணை ஜனாதிபதியப் பத்திப் பேச்சு வந்தா அவரு நாற்காலில இருக்கக் கூடாது, ஓட்டும் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. எனக்கும் அதான்” என்றாள். எந்தப் பக்கமும் சேராமல் இருந்த ஓய்வுபெற்ற தபால்கார மாமாவைத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, மாடிப்படி ஓரமாய்ப் போய் நின்றுகொண்டாள். கைகள் உயர்ந்தன. இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று. மாமா அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். “சொகமில்லாத பொம்பள கெடக்கா. மெஷின் வேற எடம் போட்டும்” என்று மாமா முடித்துவிட்டார்.

ஒரு மாதத்துக்குள் நான்கு மெஷினும் படியிறங்கின. காட்கோபரில் ஓர் அறை கிடைத்தது. கூட வேலை பார்த்த பெண்களில் ஒருத்தி அவ்வளவு தூரம் வர முடியாமல் நின்றுகொண்டாள். மச்சான் ரொம்ப நாள் ராத்தாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் பேசினேன், சண்டையாகவே பேசினேன். “நீ என்ன டெல்லிலயா இருக்க?” என்று கேட்டேன். “சட்டம்னா சட்டம்டி” என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

நான் தேர்வில் தேறினேன், வாஷியில் வேலை கிடைத்தது, கல்யாணமாகி நெருளுக்கு வந்தேன். மச்சானின் கோபமும் மெல்ல மெல்லப் பெருமையாக மாறியது. பட்டறைக்கு வருகிறவர்களிடமும் கல்யாண வீடுகளிலும், “பார்லிமெண்ட் சட்டம்லா! பொண்டாட்டியே எந்திரிச்சிட்டா, நான் என்ன செய்ய?” என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

போன முறை துணை ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் ஏதோ கேட்டாள். பதில் தேட அரசியல் சாசனத்தைப் போனில் திறந்தேன். அவரைப் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானம் வந்தால் மட்டும்தான் அவர் தலைமை தாங்கக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது என்றிருந்தது. வேறு எதற்கும் அந்த விதி இல்லை. இல்லாத சட்டத்துக்காகவா ஒரு பட்டறையே போனது? உடனே ராத்தாவுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன்.

“தெரியும்டி. அப்பமே தெரியும். அந்த வரிய நாலு தடவ வாசிச்சிருந்தேன்” என்றாள்.

“பிறகு ஏன் எந்திரிச்ச?”

“அண்ணாச்சி வீட்டு அக்காவுக்குக் கஞ்சி கொண்டு போவேன்லா. ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சிக்கிட்டுக் கெடப்பா. மேல ஓடுதது என் மெஷினு. ஆனா மச்சானுக்கு எதிரா கை தூக்க எனக்குத் தெம்பு கெடையாதுட்டி. உக்காந்திருந்தா அவருக்குத்தான் போட்டிருப்பேன். அதான் எந்திரிச்சேன்.”

சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள் என்று இத்தனை காலம் அவளைப் பற்றிப் பெருமைப்பட்டது போதவே போதாது என்று தோன்றியது. அதற்குள் அவளே குரலைத் தாழ்த்தினாள்.

“ஏட்டி, மச்சான்ட்ட மட்டும் சொல்லிராத. சட்டம்னு நெனச்சித்தான் மனுசன் சந்தோசமா இருக்காரு.”

நான் சொல்லவில்லை. மச்சான் தாராவியிலேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.