மாதா படத்தடியில் வைத்த ஊசிமருந்து

அன்பான சகோதர சகோதரிகளே, என் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் ஜெபம் கேட்கப்பட்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் காரைக்குடியில் வாத்தியார். 1995 தவக்காலத்தில் இரத்தப் புற்றுநோய் என்றார்கள். மதுரையில் ஏற்றிய மருந்து வலது கையில் கசிந்து, மணிக்கட்டுக்கு மேல் புண்ணாகி, மாதக்கணக்கில் ஆறவில்லை. சாக்பீஸ் பிடிக்க முடியாது. வெள்ளையணுக்கள் குறைந்து காய்ச்சலும் வந்தது. நான் அவர் உயிரைக் கேட்டு அழுதேன். அவர் கேட்டது வேறு. மகள் ஸ்டெல்லா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை அன்று, அவள் நெற்றியில் தன் வலது கையால் சிலுவை போட வேண்டும்.

"உசுரக் கேளுங்கன்னா கையக் கேக்குறீக!" என்று எரிந்து விழுந்தேன்.

வெள்ளையணுக்களை வளர்க்கும் ஊசிமருந்தை என் அண்ணன் மதுரையிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் காலையில் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் மருந்தோ, பரீட்சை ஹால் டிக்கெட்டோ, முதலில் மாதா படத்தடிக்குத்தான் போகும். மெழுகுவர்த்திகளுக்கு நடுவே குப்பியை வைத்து, பகல் முழுக்க ஜெபமாலை சொன்னேன். சாயங்காலம் ஊசி போட வந்த நர்ஸ் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா, இப்படிச் சுடுது! இத நான் போட மாட்டேன்."

என் ஜெபமே அவரைக் கொன்றுவிட்டது என்று தரையில் விழுந்து அழுதேன். "ஒரு வார்த்தை திட்டக்கூட மாட்டேங்கிறீகளே!" என்றேன்.

"மாதா வீட்டுல ஃபிரிட்ஜ் இல்லைன்னு உனக்குத் தெரியாதா, மேரி?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

அண்ணன் மறுபடி மதுரைக்குப் போனார். இந்த முறை மருந்து ஃபிரிட்ஜுக்கும் நான் படத்தடிக்கும் போனோம். சில நாளில் அணுக்கள் ஏறின, காய்ச்சல் விட்டது. அதோடு, செத்துக் கிடந்த புண்ணில் சிவப்புச் சதை தெரிந்தது. டாக்டரிடம் கேட்டேன்.

"ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா செல்கள் பதிஞ்சிருக்கும்மா. இந்த மருந்து அதையும் எழுப்பிவிடுதுன்னு ஆராய்ச்சி பண்றாங்க. அதனாலதான் ஆறுதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஆறுது."

புதுநன்மை அன்று அந்தக் கை நடுங்காமல் ஸ்டெல்லாவின் நெற்றியில் சிலுவை போட்டது. கிறிஸ்துமஸுக்குள் நோய் திரும்பியது. பொங்கலுக்கு அவர் இல்லை.

நான் கேட்டது கிடைக்கவில்லை. மறைக்க மாட்டேன், பல மாதம் கோவில் பக்கமே போகவில்லை. ஒரு பரீட்சை நாளில் ஸ்டெல்லா என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா போட்ட இடத்துலயே போடும்மா" என்றாள். போட்டேன். அந்த ஞாயிறு பூசைக்குப் போனேன். அவர் கேட்டதைக் கொடுத்த ஆண்டவருக்கு அன்றுதான் நன்றி சொன்னேன்.

வேதனையில் இருப்பவர்களே, நீங்களும் கேளுங்கள். மருந்தைக் குளிரில் வைத்துவிட்டு வந்து முழங்காலில் நில்லுங்கள்.