மஞ்சள் குறியின் மேல் ஒரு கை

கலாராணியின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. கடுகண்ணாவையிலிருந்து கண்டிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனில், கியரை அவள் உள்ளங்கையால்தான் தள்ளுவாள்.

அந்த விரல்களை உடைத்தவன் கூடப் பிறந்த அண்ணன் யோகராஜ். அவளுக்காக ஒருவனின் தாடையை உடைத்தவனும் அவன்தான்.

கட்டிய புருஷன் குடித்துவிட்டு வந்தால் பெல்ட்டைக் கழற்றுவான். ஒரு நாள் நெற்றி கிழிந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்க, வாகனம் திருத்தும் அண்ணனின் கராஜ் வாசலில் போய் நின்றாள். யோகராஜ் வேலையைப் போட்டுவிட்டு எழுந்தான். கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் போய், பஸ் தரிப்பிடத்தில் ஊரே பார்க்க அவனைத் தரையில் போட்டு மிதித்தான். தாடை விலகிய அந்த மனுஷன் பிறகு கடுகண்ணாவைப் பக்கம் தலைகாட்டவில்லை. அண்ணனின் கைகளைப் பிடித்துக்கொண்டு அன்று அழுதாளே கலாராணி, அதே கைகள் ஒரு நாள் தன் பக்கம் திரும்பும் என்று அந்தப் பேதை எப்படி அறிவாள்?

தனி மனுஷியாக நின்று, லீசிங்கில் புது வேன் எடுத்தாள். ஒவ்வொரு சேர்விஸுக்கும் கண்டியில் அதை விற்ற கம்பனிக்கே கொண்டுபோனாள். அது யோகராஜுக்கு நெஞ்சில் முள்.

"சொந்த அண்ணன் மெக்கானிக் பாஸா இருக்கேன். ஒயில் மாத்தக் கண்டிக்குப் போறியா? ஊரு சிரிக்குது."

"வாரண்டி இருக்கு அண்ணே. வெளிய கை வச்சா, நாளைக்கு ஒண்ணுன்னா அவங்க கைய விரிச்சிருவாங்க."

"என் கைய வெளிக் கைன்னு சொல்றியா?"

அவள் சாவியை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

பிலிமத்தலாவையில் ஒரு காலை எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. ஒயில் விளக்கு எரிந்தது. உடனே நிறுத்தினாள். மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. பிள்ளைகளை வேறொரு வேனில் ஏற்றிவிட்டு, கம்பனிக்கு போன் எடுத்தாள். இழுத்துப்போக லொறி வருகிறது என்றார்கள்.

யாரோ சொல்லக் கேட்டு, லொறிக்கு முன்னால் யோகராஜ் வந்துவிட்டான், மோட்டார் சைக்கிளில், ஸ்பெனரும் சுத்தியலும் போட்ட ஆயுதப் பையோடு.

"எறங்கு. சீட்டத் தூக்கணும்."

அந்த வேனுக்கு எஞ்சின் முன் சீட்டின் அடியில். கலாராணி அந்தச் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம் அண்ணே. கம்பனிக்காரங்க பாக்காம கழட்டினா எல்லாம் போச்சு."

"அவனுங்க பழைய எஞ்சினுக்குப் பெயின்ட் அடிச்சு மாட்டிருவானுங்க. உனக்குப் புத்தி இருக்கா?"

"இருக்குறதாலதான் சொல்றேன். போயிரு."

போயிரு. தெருவோரக் கடைக்காரர்கள் முன்னால், தங்கை வாயிலிருந்து அந்தச் சொல். யோகராஜ் அவளுடைய கொண்டையைப் பிடித்து இழுத்து ரோட்டில் எறிந்தான். முழங்கால் தோல் தாரில் உரிந்து ஒட்டியது. அவள் எழுந்து வருவதற்குள் அவன் சீட்டைத் தூக்கிவிட்டான். எஞ்சினின் போல்ட்டுகளில் கம்பனி மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டிருக்கும். போல்ட் ஒரு நூல் திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். கோடு போட்ட ஒரு போல்ட்டில் ஸ்பெனரை மாட்டி, அதைத் தட்டித் திருப்பச் சுத்தியலை ஓங்கினான்.

கலாராணி பாய்ந்து ஸ்பெனரைத் தட்டிவிட்டு, போல்ட்டின் மேல் இடது கையை வைத்தாள்.

கை இருப்பதை யோகராஜ் பார்த்தான். பார்த்த பிறகும் அடித்தான்.

எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. அவன் மறுபடி ஓங்கியபோது, எட்டி அவனது முன்கையைக் கடித்தாள். பல் இறங்கி, வாய் நிறைய ரத்தம் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. கடைக்காரர்கள் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுக்கும்போதும், அவள் கை போல்ட்டின் மேல்தான் இருந்தது.

வேனை இழுத்துப்போன லொறியில் அவளும் ஏறிக் கண்டிக்குப் போனாள். கம்பனியில் வேனைப் பார்க்க வந்தவன் மயூரதன், யாழ்ப்பாணத்து இளம் எஞ்சினியர். சீட்டைத் தூக்கியவன் திகைத்துப்போனான்.

"என்ன அக்கா இது ரத்தம்? முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

"குறியைப் பாருங்க தம்பி. அப்புறம் போறேன்."

அவன் துணியால் துடைத்தான். சிவப்புக்கு அடியில் மஞ்சள் கோடு முழுசாக இருந்தது.

"ஒருத்தரும் கழட்டேல்ல. நான் எழுதி வைக்கிறன். நீங்கள் போங்கோ."

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் எப்படி நடந்தது என்று கேட்டார். புருஷன் அடித்த காலத்தில் படியில் விழுந்தேன், கதவு இடித்தது என்றெல்லாம் சொன்னவள்தான். இந்த முறை அப்படிச் சொல்லவில்லை. அண்ணனின் பெயரை, ஊரை, கராஜை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

பரிசோதித்த கம்பனி முழு எஞ்சினையும் மாற்ற ஒப்புக்கொண்டது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, மயூரதன் முன்னால் கதிரையில் உட்கார்ந்தாள். அண்ணனின் சந்தேகம் அவளுக்குள்ளும் இருந்தது.

"புதுசா தம்பி? இல்ல, திருத்தினதா?"

"புதுசு. பெட்டி உடைக்கேக்க வந்து நிண்டு பாருங்கோ."

"இதுக்கு வாரண்டி?"

"வேனுக்கு மிச்சம் இருக்கிற காலம் மட்டும்தான்."

"அதையும் எழுதித் தாங்க. எஞ்சின் நம்பர் மாறுமே?"

"ஓம் அக்கா. அதுக்கும் கடிதம் தாறம். வாகனப் பதிவில மாத்துங்கோ, இன்சூரன்ஸுக்கும் சொல்லுங்கோ. விட்டா, பொலிஸ் மறிக்கிற அண்டைக்குக் களவு எஞ்சின் எண்டுவாங்கள்."

பதிவு மாறி, கட்டு அவிழ்ந்து, வேன் வீட்டு வாசலில் நின்ற காலையில் யோகராஜ் வந்தான். பிணையில் வந்திருந்தான். முன்கையில் அவளுடைய பல்வரிசை கறுத்துக் கிடந்தது.

"பாக்கலாமா?" என்றான்.

அவள் சீட்டைத் தூக்கினாள். "பாரு. கை வைக்காத."

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான். அவள் ஸ்டார்ட் பண்ணினாள். நெடுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டான்.

"புதுசுதான்" என்றான். "கியர் போட வலிக்குமே. நான் ஓட்டவா தங்கச்சி?"

"வலிக்கும்" என்றாள் கலாராணி. "தள்ளி நில்லு. சீட்டப் போடணும்."

சீட்டைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். மடங்காத விரல்கள் விறைத்து நிற்க, உள்ளங்கையால் கியரைத் தள்ளினாள். கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்ற அண்ணனைக் கடந்து, வேன் பிள்ளைகளை ஏற்றப் போனது.