பலகைக்குக் கீழே தண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பதும் சில இடங்களில் மறந்துபோயிற்று. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

என் மருமகனுக்குப் படகென்றால் விசர், ஒரு பைத்தியம். டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கித் திருத்தினார். அதில் கிழக்கு கிரீன்லாந்தின் பனிக்கடலுக்குப் போவதென்று அவரும் மகளும் முடிவெடுத்தபோது, "சமைக்க ஆள் வேணுமெண்டா நானும் வாறன்" என்றேன். சமையல் ஒரு சாட்டு. மகளை அந்தப் படகில் தனியே விட எனக்கு மனமில்லை.

நாலாவது ஆள் மருமகனின் டெனிஷ் சிநேகிதர், ஓய்வுபெற்ற மீன்பிடிகாரர். வெண்கரடிக்குப் பயந்து ஒரு துவக்கும் கொண்டுவந்திருந்தார். அவரும் மருமகனும் மேலே நின்று கதைப்பார்கள். நான் படியில் தலையை நீட்டினால் பேச்சு நின்றுவிடும். முதியோர் இல்லத்தில் இருபது வருசம் துப்புரவு வேலை செய்த எனக்கு டெனிஷ் விளங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மருமகனோடு நேரே கதைக்க எனக்குக் கூச்சம். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்ந்தோம். "தம்பிக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்று மகளிடம் சொல்வேன்.

"அம்மா, அவர் உங்கட முழங்கையில இடிச்சுக்கொண்டு இருக்கிறார். நீங்களே கேளுங்கோவன்."

பனிக்கட்டிகளுக்குள் நுழைந்த அன்று அடியில் 'டொக்' என்று ஒன்று இடித்தது. அடுப்பிலிருந்த பருப்புச் சட்டி ஒரு பக்கம் நகர்ந்தது. "ஒண்டுமில்லை, சின்னக் கட்டி" என்றார் மருமகன். அடுத்த நாள் அடுப்படியில் நின்றபோது என் காலுறை நனைந்தது. தரைப்பலகையைத் தூக்கினேன். கீழே தண்ணீர்.

"அது குடிதண்ணித் தாங்கி கசியுது" என்று அவர் மகளிடம் சொன்னார். அதன்பிறகு காலையில் நான் எழும்ப முதல் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்கும். நான் வந்தால் பலகை மூடியிருக்கும்.

தண்ணீரைக் கண்ட மூன்றாம் நாள் எல்லாரும் மேலே நின்றார்கள். பனித்தட்டு ஒன்றில் கடல்நாய்கள் படுத்திருந்து எங்களையே பார்த்தன. தூரத்தில் மஞ்சளடித்த ஒரு வெண்கரடி மெல்ல நடந்துபோனது. "அம்மா, ஓடி வாங்கோ!" என்று மகள் கத்தினாள். எட்டிப் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிட்டேன். அவர்கள் கண் கரடியில் இருக்கும்போதே பலகையைத் தூக்கி, ஒரு கரண்டி தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு.

கரண்டியோடு மேலே போனேன். "தம்பி, இது உப்பாக் கிடக்கு" என்றேன். அவரிடம் நேரே நான் சொன்ன முதல் நீளமான பேச்சு அதுதான்.

அவர் சிரித்தார். "உங்கட ரசம் சிந்தியிருக்கும் மாமி."

"என்ர ரசம் இப்பிடிக் கைக்காது."

மகள் கரண்டியை வாங்கி நுனிநாக்கில் வைத்தாள். முகம் மாறியது. "திருப்புங்கோ" என்றாள்.

"இன்னும் ஒரு நாள் போனா நான் பாக்க வந்த இடம் வந்திடுமப்பா. இதுக்காக ரெண்டு வருச லீவைச் சேர்த்து வச்சனான்" என்றார் மருமகன்.

"கடலுக்கு அடியில போய்ப் பாக்கப் போறீங்களோ?"

கரண்டியை வாங்கிக்கூடப் பார்க்காமல், "திருப்புவோம்" என்று டெனிஷில் சொன்னார் சிநேகிதர். அவ்வளவு கெதியாக அவர் சொன்னது, முந்தியே தெரிந்தவர் மாதிரி எனக்குப் பட்டது.

மகள் நீளத் தடியால் கட்டிகளைத் தள்ளினாள், சிநேகிதர் பம்ப் அடித்தார், மருமகன் சுக்கான் பிடித்தார். இரண்டு நாளில் ஒரு சிறிய துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தோம். படகைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் என் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு.

"சத்தியமா எனக்குத் தெரியாது மாமி. தாங்கி எண்டுதான் நினைச்சன்" என்றார் மருமகன். சிநேகிதர் கயிறு சுற்றிக்கொண்டு நின்றார். மகள் புருசன் சொன்னதை நம்பிவிட்டாள். அடுத்த கோடையில் திரும்பவும் போவதற்கு இப்போது கதை நடக்கிறது.

படகு தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் எழுதியதில் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பனிக்கட்டி இடித்த அடுத்த நாள் படகுக்குள் தண்ணீர் நின்றால், படகோட்டி ஒருவர் அது உப்பா நல்ல தண்ணீரா என்று நாக்கில் வைத்துப் பார்க்காமல் இருப்பாரா? அதையும் சொல்லுங்கள். அவர்கள் புறப்பட முதல் எனக்குத் தெரியவேண்டும்.