மெருகேறிய ஓநாய்

ரோஸ்விதா கிம்பெல் முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். எப்பேர்ப்பட்ட ரத்தக்கறையும் அவள் கை பட்டால் போய்விடும். அந்தக் கையால் சொந்த வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரியை மட்டும் தொடக்கூடாது. அது புருஷன் எக்கார்ட் போட்ட சட்டம்.

எக்கார்டைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஜெர்மனியில் காஸல் நகரத்தில் அவர்களுக்கு நேர் மேல்வீட்டில் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கிறேன். என் காதுக்கு எட்டாதது எதுவுமில்லை. உருளைக்கிழங்கில் உப்பு போதவில்லை, சட்டைக் காலர் விறைப்பாக இல்லை, படிக்கட்டைக் கழுவியும் மூலையில் தூசி இருக்கிறது. இதே பாட்டுத்தான். ஒரே ஒரு தடவை, "நல்லா செஞ்சிருக்கே" என்று அவன் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அந்த அலமாரியில் இருந்தவை வெள்ளி நாணயங்கள். எங்கள் பக்கத்துப் பழங்கதைகளைப் பொறித்து வருஷத்துக்கு ஒன்றாக அரசாங்கம் வெளியிடுகிறதே, அவை. ஒன்றில் ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும், ஒன்றில் தவளை, ஒன்றில் கழுதைமேல் நாய், நாய்மேல் பூனை, அதன்மேல் சேவல். இருபது யூரோ என்று போட்டிருந்தாலும் யாரும் அதைக் கடையில் நீட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்தபின் எக்கார்ட் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பான். பெண்டாட்டியை ஒருநாள் அப்படிப் பார்த்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

போன டிசம்பரில் அவனுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. மூன்று வாரம் வீட்டில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெள்ளிச் சாமான் தேய்ப்பது எங்கள் வழக்கம். கரண்டிகளை முடித்தவளுக்கு அலமாரியின் ஞாபகம் வந்தது. நாணயங்களோடு வந்த தாளில் 'கண்ணாடிப் பளபளப்பு' என்று அச்சடித்திருந்ததைப் படித்தாள். ஓநாய் நாணயம் இருந்த டப்பியைத் திறந்து பார்த்தாள். உருவங்களைச் சுற்றியிருந்த வெற்றிடம் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஓநாயும் குட்டிகளும் மாவு பூத்தாற்போல் வெளுத்துக் கிடந்தன. சலவைக்காரி கண்ணுக்கு அது அழுக்கு. உருவங்களை மங்கலாகவும் மற்ற இடத்தைப் பளபளப்பாகவும் வேண்டுமென்றே அடிக்கிறார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? எனக்கும் தெரியாது. மெருகுப் பசை தீர்ந்துவிட்டது என்றாள், ஓடிப்போய் வாங்கிக் கொடுத்தவளே நான்தான். பாவத்தில் பாதி எனக்கு.

இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தாள். ஓநாயின் மயிர் வரி மழுங்கிப்போகும் வரை தேய்த்தாள். அவன் ஊன்றுகோலோடு வந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தாள், காபி போட்டு, கேக் வெட்டி வைத்து.

"எக்கார்ட், அலமாரியைப் பாரேன்," என்றாள்.

பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"யாரு தொட்டது?"

"நான்தான். இப்பதான் அந்தத் தாள்ல போட்டிருக்கிற மாதிரி இருக்கு, இல்ல?"

"வெறும் சில்லறை ஆக்கிட்டே," என்றான். கேக்கைத் தொடவில்லை.

நாணய வியாபாரி ஒருவரை வரவழைத்தான். அவர் கைக்கண்ணாடி வழியாகப் பார்த்து, தேய்த்த நாணயம் இனி இருபது யூரோவுக்கு மேல் பெறாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, வாரச் செலவுக்கு எப்போதும் நோட்டு வைக்கிற இடத்தில், எக்கார்ட் அந்த நாணயங்களில் சிலவற்றை வைத்தான்.

"சில்லறைதானே. செலவு பண்ணு."

மனுஷனா அவன்? நான் நோட்டுத் தருகிறேன், அதை மாற்றி வைத்துக்கொள் என்று கெஞ்சினேன். அவர் சொன்னபடி செய்துவிடுகிறேன் என்றாள். பேக்கரிக்குக் கூடவே போனேன். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு அது செல்லுமா என்றே தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு பளிச்சுன்னு நான் பார்த்ததே இல்ல. யாருங்க இதை இவ்வளவு அருமையா வச்சிருந்தது?"

ரோஸ்விதாவின் முகம் சிவந்தது. சொல்லேன், நான்தான் என்று சொல்லித் தொலையேன் என்று எனக்குள் துடித்தது.

"என் வீட்டுக்காரர்," என்றாள். "அவருக்கு எதையும் நல்லா வச்சுக்கத் தெரியும்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மீதிச் சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ரொட்டியோடு எனக்கு முன்னால் நடந்தாள்.