புஷ்பலதா பிரசங்கம் செய்த ஞாயிறு

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு ஞாயிறு பெண்கள்தான் ஆராதனையை நடத்துவார்கள். இந்த வருடம் பிரசங்கம் யார் என்று போதகர் வாசித்ததும் புஷ்பலதா பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். வாசித்தது அவருடைய பெயரை!

ஆரணியில் பட்டு நெய்யும் வீடுகளில் அவரைத் தெரியாதவர் இல்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பார். ஆயிரக்கணக்கான இழைகள். நாள் முழுக்க வாயே திறக்கமாட்டார்.

எங்கள் சபையின் டயானா டீச்சர் அவருக்கு நேர்மாறு. அவர் பேசினால் தூணும் அழும். "ஆண்டவருக்கு அவங்கள மாதிரி ஆளுதான் வேணும். நான் எதுக்கு?" என்று புஷ்பலதா கணவர் சார்லியிடம் அடிக்கடி சொல்வாராம்; அன்றும் சொன்னாராம்.

"வயித்தால போகுதுன்னு சொல்லிட்டு ஊட்லயே படுத்துக்க" என்று சார்லி சிரித்தார்.

"நீ வேற பேஜார் பண்ணாதய்யா!"

டீச்சரின் போன வருடப் பிரசங்கம் ஒரு போனில் பதிவாகியிருந்தது. அதைக் காதில் மாட்டிக்கொண்டு, வேலை செய்தபடியே பத்து நாள் மனப்பாடம் செய்தார் புஷ்பலதா. டீச்சர் மூச்சு விடும் இடம் உட்பட.

ஞாயிறு வந்தது. மேடையில் ஏறினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பிரியமானவர்களே, பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தும் எனக்கு..."

சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கண்ணைத் திறந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு பயம்! வாசலைப் பார்த்தார். ஓடப்போகிறார் என்றே நினைத்தேன்.

ஓடவில்லை.

"அது டயானா அக்காவோடதுங்க. எனக்குப் பேச வராது. இழ முறுக்கசொல்ல ஒவ்வொரு இழைக்கும் ஒருத்தர் பேரச் சொல்லி வேண்டிகினு இருப்பேன். முனியம்மா மூட்டுவலி, விக்னேஷ் பரீட்ச, இங்க உக்காந்துகினு இருக்கற உங்க பேரு எல்லாம். இத மனப்பாடம் பண்றேன்னு பத்து நாளா அதக்கூட உட்டுட்டேன். அவ்ளோதாங்க."

இறங்கிவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

வாசலில் டயானா டீச்சர் அவர் தோளைப் பிடித்தார். "எம் பிரசங்கத்தயே திருடிட்டியேடி! சரி, எம் பேரும் சொல்வியா?"

புஷ்பலதா ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"இல்லக்கா. உங்க பேர மட்டும் உட்டுடுவேன். உங்களுக்குத்தான் எல்லாம் குடுத்துட்டாரேன்னு... பொறாமைக்கா. மன்னிச்சிடுங்க."

டீச்சரின் சிரிப்பு போய்விட்டது. அடுத்து அவர் சொன்னதை, அவரே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

"மார்ல ஒரு கட்டி, புஷ்பா. செவ்வாக்கெழம வேலூர்ல ரிசல்ட் சொல்றாங்க. யார்கிட்டயும் சொல்லல. எல்லாருக்கும் தைரியம் சொல்றவ நானு. இத எப்டி சொல்றது? பயமா இருக்குதுடி."

"நான் கூட வரேன்க்கா. ஆனா ஆறுதலா எல்லாம் பேச வராது."

"பேசாத. பக்கத்துல உக்காரு."

செவ்வாய்க்கிழமை பேருந்து நிலையத்துக்கு டீச்சருக்கு முன்பே புஷ்பலதா வந்துவிட்டாராம். வழி முழுக்க இருவரும் பயந்துகொண்டே, ஒரு வார்த்தை பேசாமல் போனார்களாம். ரிசல்ட் இன்னும் வரவில்லை. அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள். இருவருமாகத்தான் போகிறார்கள்.